தலைவலியின் சாட்சியம்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பூன் லே ரயில் நிலையத்தையும் அதை ஒட்டிய பேருந்து முனையத்தையும் சூழ்ந்து நிற்கும் ஜனத்திரளில், ஜூரோங்கிலும் துவாஸிலும் உள்ள தொழிற்சாலைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரமெல்லாம் உழைத்துவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்பவும் மளிகையும் காய்கறியும் வாங்கவும் வந்த தமிழ்த் தொழிலாளர்களை ஏராளமாகக் காணலாம். அவர்களுடைய பைகளில் அரிசி, பருப்பு, கருவாடு ஆகியவற்றோடு அநேகமாகத் தவறாமல் இடம்பெறுபவை இரண்டு: ஒன்று பனடோல் மாத்திரை அட்டை, மற்றொன்று கோடாலித் தைலம். 1928ஆம் ஆண்டில் லியுங் யுன் சீ என்ற சீன வணிகர் சிங்கப்பூரில் தொடங்கிய அந்தத் தைல வியாபாரம், லீவில் ஊர் திரும்புகிறவரின் பெட்டியில் அது இல்லாவிட்டால் உறவினர் மனம் குறைப்படும் அளவுக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களின் வாழ்க்கையோடு கலந்துபோயிற்று. தலைவலி என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் நெற்றிப்பொட்டில் தைலம், நாவில் மாத்திரை, போர்வைக்குள் தூக்கம் என்ற மூன்றும் வரிசையாக நடந்தேறுகின்றன. மிகப் பெரும்பான்மையான சமயங்களில் அவை போதுமானவையாகவும் இருக்கின்றன.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். வெல்டிங் புகையும், கப்பலின் அடித்தளத்தில் தேங்கிய வெப்பமும், வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடிக்க மறந்துபோவதும், இரவு ஷிப்டு முடித்துப் பலர் புழங்கும் அறையில் பகலெல்லாம் அரைகுறையாகக் கண்ணயர்வதும், ஊரிலிருந்து வரும் கடன் பற்றிய தொலைபேசிப் பேச்சும் தலைவலிக்குப் போதுமான காரணங்கள். அத்தலைவலியால் ஒருவரும் இறப்பதில்லை. ஆனால் பக்கவாதம் என்னும் கொடிய வியாதிக்கும் தலைவலிக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி நம்மவரிடையே வேரூன்றியிருக்கும் இரண்டு நம்பிக்கைகள் — தலைவலி வந்தால்தான் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்பதும், பெரிய வியாதியானால் பெரிய வலியோடுதான் வரும் என்பதும் — ஒவ்வோர் ஆண்டும் பல குடும்பங்களின் ஆதாரத்தைப் பறித்துக்கொண்டு போவதால், அவற்றைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகிறது.

மூளைக்கு வலி தெரியாது. காலில் முள் தைத்ததையும் கையில் நெருப்புப் பட்டதையும் உணர்ந்து நமக்கு அறிவிக்கிற அந்த உறுப்பு, தன் சொந்தத் திசுவின்மேல் கத்தி பட்டாலும் அதை உணராது. மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை நிபுணர், மண்டைத் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மூளையின்மேல் சிகிச்சை செய்ய முடிந்ததற்கு இந்த விசித்திரமே காரணம். அப்படியானால் தலையில் வலிப்பது எது என்ற கேள்விக்கு, 1940ஆம் ஆண்டில் பிரான்சன் ரே, ஹரால்டு உல்ஃப் என்ற அமெரிக்க வைத்தியர் இருவர், அறுவை சிகிச்சைக்கு வந்த 30 நோயாளிகளின் தலைக்குள் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டும் இழுத்தும் மின்சாரத்தால் தூண்டியும் பார்த்து விடை கண்டார்கள். மூளையின் அடியில் ஓடும் பெரிய தமனிகள், இரத்தத்தைத் திரட்டி இதயத்துக்குத் திருப்பியனுப்பும் சிரைக் குடாக்கள், மூளையைப் போர்த்திய உறையின் சில பகுதிகள் ஆகியவையே வலியை உணர்கின்றன. முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பும், கழுத்தின் மேற்பகுதியிலிருந்து கிளம்பும் நரம்புகளும் அவ்வலியைச் சுமந்து செல்கின்றன. மண்டையின் பின்பாகத்துக்குள் நேரும் கோளாறு பிடரியில் வலியாகத் தெரிவதும் இதனால்தான்.

இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். உலகில் நேரும் பக்கவாதங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு, மூளைக்குச் செல்லும் தமனி ஒன்றை இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதால் நேருபவை. தமனி அடைபட்டதும் அதனால் போஷிக்கப்பட்ட பகுதி பிராணவாயு இன்றி மடியத் தொடங்குகிறது. மடிகிற திசுவுக்கோ வலியுணர்வு இல்லை. ஆகவே ஒருவன் காலையில் பல் துலக்கும்போது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நீர் வழிவதும், காப்பிக் கோப்பை கையிலிருந்து நழுவுவதும், சொல்ல நினைத்த சொல் நாவில் வேறாக உருண்டு வருவதும், வலி என்பது இம்மியும் இல்லாமலே நிகழ்ந்துவிடுகின்றன. அடைப்பினால் வரும் பக்கவாதத்தில் தலைவலி தோன்றுவது நால்வரில் ஒருவருக்கு என்ற அளவுதான். கை மரத்துப்போனதைப் படுத்த வாகு சரியில்லை என்று சமாதானம் செய்துகொண்டு, வலிக்கவில்லையே என்ற தைரியத்தில் மத்தியானம்வரை காத்திருக்கிறவர், காப்பாற்றக்கூடிய மூளையைத் தம் கையாலேயே கைவிடுகிறார் என்பதைச் சொல்லும்போது எனக்கு மனம் பதறுகிறது. ஏனெனில் இந்த வியாதியில் வேதனையின்மையே பலரை ஏமாற்றுகிறது.

உயர் இரத்த அழுத்தத்தின் விஷயமும் இப்படிப்பட்டதே. பக்கவாதத்துக்குக் காரணமானவற்றுள் தலையாயது அது. சிங்கப்பூரில் வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் அது இருப்பதாக அண்மை ஆண்டுகளின் தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் சாதாரணமாகக் காணும் உயர் அழுத்தம் தலைவலி தருவதில்லை. மேல் எண் 180ஐயும் கீழ் எண் 120ஐயும் தாண்டி அபாயகரமாக ஏறும்போதுதான் வலி தோன்றக்கூடும். அதற்குக் கீழே 150, 160 என்ற நிலையில் பல ஆண்டுகள் ஓசையின்றித் தமனிகளின் சுவரைத் தடிக்கவும் கெடவும் செய்துகொண்டிருக்கும். தலைவலி இல்லாத நாளில் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு, தலைவலி வந்த நாளில் இரண்டாக விழுங்குகிற வழக்கம் நம்மவரிடையே இருப்பதை வைத்தியர்கள் நன்கறிவார்கள். அழுத்தத்தைக் கருவியால் அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும். பூன் லேக்கு அடுத்தாற்போல் பயனியரில் உள்ள பலதுறை மருந்தகத்தில் கையில் பட்டையைச் சுற்றி அளக்கச் செலவாகும் சில நிமிஷங்களுக்கு, தலையைப் பிடித்துப் பார்த்துச் செய்கிற எந்த அனுமானமும் ஈடாகாது.

சரித்திரத்தில் இதற்கு உதாரணமாக நிற்கும் தலைவலி ஒன்று உண்டு. அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் ஹோவர்டு புரூயன் என்ற இதய நிபுணர் பரிசோதித்தபோது அவருடைய இரத்த அழுத்தம் 186/108 ஆக இருந்தது. அதை இறக்கத்தக்க நல்ல மருந்து அந்நாளில் இல்லை. உலக யுத்தத்தை நடத்திக்கொண்டும், யால்டா மாநாட்டுக்குக் கடல் கடந்து சென்றும், அதற்குப்பின் ஓராண்டுக்கு மேல் அவர் பதவியில் இயங்கினார். 1945 ஏப்ரல் 12ஆம் தேதி ஜார்ஜியாவிலுள்ள வார்ம் ஸ்பிரிங்ஸில், எலிசபெத் ஷூமடாஃப் என்ற ஓவியர் உருவப்படம் தீட்ட அவர் எதிரே அமர்ந்திருந்தபோது, பின்தலையில் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300/190. சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது, வயது 63. அந்த வலி தோன்றியபோது தமனி வெடித்தாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓராண்டுக்கு முன்பே உண்மையைச் சொன்னது கருவி காட்டிய எண்தான். தலையில் வந்த வலி, காரியம் முடிந்த பின்பு வந்து சேர்ந்தது.

தமனி அடைபடுவதற்குப் பதிலாக வெடித்து இரத்தம் கசியும்போதுதான் தலைவலி முக்கியமான சாட்சியாகிறது. இரத்தம் மூளையின் திசுவுக்குள்ளேயே கசிந்தால், நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தலைவலி உண்டு. கசிவு பெருகப் பெருக மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறி, வலியும் வாந்தியும் மயக்கமும் வளரும். மூளைக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள வெளியில் இரத்தம் பாய்ந்தாலோ, வலியுணரும் பாகங்கள் அனைத்தையும் அது ஒருங்கே நனைத்து எரிச்சலூட்டுவதால், மனிதன் தன் ஆயுளில் அறியாத வலி உண்டாகிறது. இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, மூளையடித் தமனிகள் கிளை பிரியும் இடத்தில் சுவர் மெலிந்து வெளியே புடைத்துக்கொண்ட ஒரு சிறு பை. வயது வந்தோரில் நூற்றுக்கு மூவரிடம் இத்தகைய புடைப்பு இருக்கக்கூடும் என்பதும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை அறியாமலே முழு ஆயுளும் வாழ்ந்து முடிக்கிறார்கள் என்பதும் ஆறுதலான செய்தி. வெடித்தால் மட்டும் அது பேராபத்து.

அந்த வலிக்குரிய அடையாளம் அதன் கடுமை என்று பலர் நினைக்கிறார்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதன் வேகத்தை. ஒற்றைத் தலைவலியும் கடுமையானதுதான். ஆனால் அது அரைமணியிலோ ஒரு மணியிலோ படிப்படியாக ஏறும். தமனி வெடித்த வலியோ, எந்தக் கணத்தில் தொடங்கியது என்று நோயாளி விரல்விட்டுச் சொல்லத்தக்கதாய், ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். மருத்துவர்கள் இதை இடிமுழக்கத் தலைவலி என்று வகுத்திருக்கிறார்கள். குழாயைத் தூக்கிக்கொண்டிருந்தேன், யாரோ பின்மண்டையில் சம்மட்டியால் அடித்தது போலிருந்தது, திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை என்பது போன்ற வார்த்தைகள் காதில் விழுந்தால், அது தூக்கக்குறைவா, சூடா என்று விசாரித்துக்கொண்டிருப்பதற்குரிய நேரமன்று. வாந்தி, வெளிச்சம் பொறாமை, சில மணி நேரத்தில் பிடரி விறைத்து மோவாயை மார்பில் சேர்க்க முடியாமை ஆகியவை பின்தொடரலாம். திடீர் வலி எல்லாம் இரத்தக் கசிவு அல்ல. பரிசோதித்துப் பார்த்தால் ஒரு சிறு பகுதியே அப்படி முடிகிறது. ஆயினும் இன்னது என்று பரிசோதனைக்கு முன் பிரித்தறிய வழியில்லை. சிலருக்குப் புடைப்பு முழுதாக வெடிப்பதற்குச் சில நாட்களோ வாரங்களோ முன்னதாகச் சிறிது கசிந்து அதே மாதிரியான திடீர் வலியை உண்டாக்கிவிட்டுத் தணிந்துபோகும். தணிந்துவிட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போகாதிருப்பதுதான் அந்த நிலையில் செய்யத்தகாத காரியம். ஒருமுறை கசிந்த புடைப்பு மீண்டும் வெடிக்கும் அபாயம் முதல் ஒருநாளில் மிக அதிகம்.

சிங்கப்பூரில் இந்நோயின் பெயரை வீட்டுக்கு வீடு அறியச் செய்த நிகழ்ச்சி 2016 மே 12ஆம் தேதி நடந்தது. அப்போது 54 வயதினரான நிதியமைச்சர் ஹெங் சுவீ கியட், அமைச்சரவைக் கூட்டத்தின் நடுவே மயங்கிச் சரிந்தார். டான் டோக் செங் மருத்துவமனையில் எடுத்த சிடி ஸ்கேன் பக்கவாதத்தைக் காட்டியது. தமனிப் புடைப்பு வெடித்து மூளையில் இரத்தம் பரவியிருந்தது. அன்றே அறுவை சிகிச்சை செய்து மண்டைக்குள் அழுத்தத்தைத் தணித்துப் புடைப்பை அடைத்தார்கள். ஜூன் மாதம் 25ஆம் தேதி அவர் வீடு திரும்பினார். 2019 மே மாதத்தில் துணைப் பிரதமரானார். இத்தகைய கசிவுக்கு ஆளானவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர் உயிரிழக்கிறார்கள் என்பதையும், பிழைத்தவரிலும் பலர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தால், அவர் மீண்டதில் சுற்றியிருந்தவர்களின் விரைவுக்கும் வைத்தியர்களின் திறமைக்கும் எவ்வளவு பங்கிருக்க வேண்டும் என்பது புலனாகும்.

இந்தச் சிடி ஸ்கேன் என்ற சாதனத்தைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை. 1971 அக்டோபர் முதல் தேதி லண்டனின் விம்பிள்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு வடிவமைத்த கருவியால் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தார்கள். அதற்கு முன்னால், உயிரோடிருக்கும் ஒருவருக்கு நேர்ந்தது அடைப்பா கசிவா என்று ஐயமறச் சொல்ல வைத்தியருக்கு எளிய வழி கிடையாது. இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிரானது. படத்தில் புதிதாகக் கசிந்த இரத்தம் வெள்ளையாகத் தெரியும். மூளையின் மடிப்புகளுக்கிடையே சாதாரணமாகக் கறுத்திருக்க வேண்டிய இடைவெளிகளில் அந்த வெண்மை ஓடியிருப்பதைக் கண்டால், பயிற்சி பெற்ற கண் கணத்தில் அறிந்துகொள்ளும். அடைப்போ முதல் சில மணி நேரம் படத்தில் அநேகமாக ஒன்றுமே காட்டாது. வலி தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் நல்ல கருவியால் எடுத்த படம் உறையடிக் கசிவைத் தவறவிடுவது மிக அபூர்வம். நேரம் செல்லச் செல்ல இரத்தம் கரைந்து வெண்மை மங்கும். அப்புறம் முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீரெடுத்து, அதில் மஞ்சள் நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஒத்திப்போடுதல், நோயாளிக்கு மட்டுமன்றி நோயைக் கண்டுபிடிப்பவருக்கும் இடையூறு என்பது இதனால் தெளிவாகும்.

அடைப்பிலும் வலியோடு வரும் வகைகள் சில உண்டு. அவையே அதிகமாகத் தவறான பெயர் பெறுகின்றன. பின்தலைக்குள் இருக்கும் சிறுமூளைக்கு இரத்தம் தடைப்பட்டால், பின்தலை வலியும் தலைசுற்றலும் வாந்தியும் உண்டாகும்; கையிலும் முகத்திலும் குறை தெரியாமல் இருக்கலாம். இதைப் பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழச் சாறும் இஞ்சிக் கஷாயமும் கொடுத்துப் படுக்க வைப்பது நம் வீடுகளில் இயல்பு. பித்தத்தால் தலைசுற்றியவர் சுவரைப் பிடித்தாவது நடந்து கழிவறைக்குப் போவார். சிறுமூளை பாதிக்கப்பட்டவரோ பெரும்பாலும் எழுந்து நின்றவுடன் ஒரு பக்கமாகச் சாய்வார், நடக்கவே இயலாமல் போகலாம். இந்த ஒரு சோதனையைச் செய்ய வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை. சிறுமூளை வீங்கினால் சுவாசத்தை நடத்தும் மூளைத்தண்டை நெருக்கும் ஆதலால், சாதாரண வாந்தியாகத் தொடங்கியது ஒரே இரவில் உயிர்ச்சேதத்தில் முடிவதும் உண்டு.

வாலிப வயதினருக்கு வரும் இன்னொரு வகையைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியவில்லை. முடிதிருத்தும் நிலையங்களில் வேலை முடிந்ததும் தலையைப் பிடித்து அழுத்திவிட்டு, மோவாயில் ஒரு கையும் பிடரியில் ஒரு கையும் வைத்துப் படக்கென்று ஒரு திருப்புத் திருப்பி நெட்டி முறிப்பது, சிங்கப்பூர்த் தேக்காவானாலும் தஞ்சாவூரானாலும் வெகுகாலப் பழக்கம். களைத்த உடம்புக்கு அது சுகமாகவும் இருக்கிறது. ஆனால் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் உள்ள துவாரங்கள் வழியாக ஏறி, முதல் எலும்பின்மேல் வளைந்து, மூளையின் பின்பாகத்துக்குச் செல்லும் இரண்டு தமனிகள், தலை சடாரென்று திரும்பும்போது அங்கேதான் இழுபடுகின்றன. அபூர்வமாக, தமனியின் உட்சுவர் கீறுகிறது. வாழைத்தண்டின் பட்டைகளுக்கிடையே நீர் புகுந்து பிரிப்பதுபோல இரத்தம் சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிரிக்கிறது. அந்தக் கீறலில் கட்டி உருவாகி மூளைக்கு ஓடுகிறது. கழுத்தின் முன்பக்கத்துப் பெரிய தமனிகளிலும் இது நேரலாம். விபத்திலோ, விளையாட்டிலோ, வெளிப்படையான காரணம் ஏதுமின்றியோ நேரலாம். ஐம்பது வயதுக்குட்பட்டவரின் பக்கவாதத்துக்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. இதில் கவனிக்கத்தக்க விசேஷம், ஒரு பக்கத்துப் பிடரியிலும் தலையிலும் இதற்குமுன் அறியாத ஒரு வலி, பக்கவாதத்துக்குச் சில மணி நேரமோ சில நாட்களோ முன்னதாகத் தோன்றுவதுதான். சிலருக்கு அதே பக்கத்துக் கண்ணிமை தொங்கிக் கண்மணி சுருங்கும். இங்கே தலைவலி உரிய காலத்தில் வந்து சொல்லுகிற சாட்சி. அந்த நிலையில் கண்டுபிடித்தால் இரத்தம் கட்டாதிருக்க மருந்து கொடுத்து வரப்போகும் கேட்டைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

ஊரில் இருக்கும் மனைவியரையும் சகோதரிகளையும் பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. மூளையிலிருந்து இரத்தம் திரும்பும் சிரைகளில் கட்டி அடைத்துக்கொள்ளும் வியாதியில், நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி இருக்கும். பலருக்கு அதுவே முதற்குறி. பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில் இரத்தத்தின் உறையும் தன்மை இயல்பாகவே மிகுந்திருப்பதால் இது தாய்மாருக்கு அதிகம் நேருகிறது. இந்தியாவில் இந்நோயின் பரிமாணத்தை வைத்திய உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களில் நரம்பியல் நிபுணர் கே. சீனிவாசன் முக்கியமானவர், கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளையின் சிரைகளிலும் தமனிகளிலும் அடைப்பு நேர்ந்த 135 பேரைப் பற்றிய அவருடைய ஆய்வு 1983இல் வெளியாயிற்று. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று பத்தியம் வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. உடம்பில் நீர் வற்றுவது இரத்தம் கட்டுவதற்குத் துணை. பிரசவமாகிப் பத்து இருபது நாளில், நாளுக்கு நாள் ஏறிவரும் தலைவலியோடு பார்வை மங்கலோ, வலிப்போ, ஒரு கைகால் சோர்வோ கண்டால், சீதளம் என்று காதில் பஞ்சு வைத்து உட்கார்த்திவிடக் கூடாது. சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் விசாரிக்கிற கணவன்மார் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வீட்டுப் பெரியவர்களின் தயக்கத்தை மீறி ஆஸ்பத்திரிக்கு வண்டி வைக்கச் சொல்லும் குரல் சில சமயம் கடல் கடந்துதான் வர வேண்டியிருக்கிறது.

ஒற்றைத் தலைவலிக்காரர்களின் கவலைக்கும் பதில் சொல்ல வேண்டும். வலிக்கு முன் கண்ணெதிரே வளைந்து வளைந்து ஒளிக்கோடுகள் தோன்றி, ஐந்து நிமிஷத்துக்குக் குறையாமல் மெல்லப் பரவி, ஒரு மணிக்குள் மறைகிற வகையினருக்கு, அடைப்பால் வரும் பக்கவாதத்தின் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. இளம் வயதில் அடிப்படையான அபாயம் மிகச் சிறிது ஆதலால், இரண்டு மடங்கும் சிறிதே. ஆயினும் புகைபிடித்தலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் அதனோடு சேர்ந்தால் அபாயம் வெகுவாக ஏறுவதால், அந்தச் சேர்க்கையை வைத்தியர்கள் அனுமதிப்பதில்லை. ஒளிக்கோடும் மரமரப்பும் மெதுவாக ஊர்ந்து பரவினால் அது ஒற்றைத் தலைவலியின் வழி. பார்வையோ பேச்சோ கையின் பலமோ ஒரு கணத்தில் அறுந்துபோனால் அது பக்கவாதத்தின் வழி என்பது பொதுவான வேறுபாடு. முதன்முறையாக வரும்போது மட்டும் இந்த வேறுபாட்டை நம்பி வீட்டில் இருக்கலாகாது.

வலி மாத்திரைகளின் மேலும் ஒரு குறை உண்டு. மாதத்தில் பதினைந்து நாட்களும் அதற்கு மேலும் பனடோல் உண்டால், மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். ஊரிலிருந்து கொண்டுவரும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளோ இரத்த அழுத்தத்தை ஏற்றவல்லவை. எம்சி என்னும் மருத்துவ விடுப்புச் சான்று கேட்டால் முதலாளி முகம் சுளிப்பாரோ, வேலை அனுமதிக்கே இடையூறு வருமோ என்ற பயத்தால் வலியை மாத்திரையால் அமுக்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறவரின் நிலைமையை நான் அறியாதவன் அல்லன். அந்தப் பயத்தை உண்டாக்கும் நிலைமைகளே கண்டனத்துக்குரியவை, பயப்படுகிறவர் அல்லர்.

முகம் கோணுகிறதா, கை தாழ்கிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பார்த்து, ஒன்று இருந்தாலும் 995ஐ அழைக்க வேண்டும் என்பது சிங்கப்பூரில் சுவரொட்டிகள் வாயிலாகப் பலரும் அறிந்ததே. அதனோடு திடீர்த் தலைவலியையும், நிற்க இயலாத தலைசுற்றலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய தமனி அடைபட்டால் நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நிபுணர் 2006இல் கணக்கிட்டார். கட்டியைக் கரைக்கும் மருந்து தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தத்தக்கது. தொடையிடுக்குத் தமனி வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை, தகுதியுடைய சிலருக்கு 24 மணி நேரம்வரை பயன்படும். பூன் லேயிலிருந்து ஜூரோங் ஈஸ்டில் உள்ள இங் டெங் ஃபோங் மருத்துவமனைக்கு ரயிலில் மூன்றே நிறுத்தம். அதனால் டாக்சியிலோ நண்பரின் லாரியிலோ போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வழியிலேயே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிக் குழுவைத் தயாராக வைக்கிறார்கள்; டாக்சியில் போகிறவர் வாசலில் காத்திருக்க நேரலாம். ஊசியால் விரல் நுனிகளைக் குத்தி இரத்தம் எடுத்தால் பிழைப்பார் என்று வாட்சப்பில் சுற்றிவரும் செய்தி முற்றிலும் பொய். அதில் கழியும் நேரம் மூளையின் நேரம். ஆஸ்பிரின் கொடுக்கலாகாது, ஏனெனில் உள்ளே இருப்பது கசிவானால் அது கேட்டைப் பெருக்கும். தண்ணீரும் கொடுக்கலாகாது, விழுங்கும் தசைகள் சோர்ந்திருந்தால் நீர் நுரையீரலில் இறங்கும்.

மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, இவர் கடைசியாக நலமாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதே. எப்போது கண்டுபிடித்தீர்கள் என்பது அதற்கு அடுத்த கேள்வி. மருந்து கொடுக்கலாமா கூடாதா என்பதை அந்த மணிக்கணக்கே தீர்மானிக்கிறது. பேச்சிழந்த நோயாளியால் அதைச் சொல்ல முடியாது. தொழிலாளர் விடுதியில், விடியற்காலை எழுப்பியும் எழாதவர் இரவு பத்தரை மணிக்கு ஊரில் யாரோடு பேசிக்கொண்டிருந்தார், இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தாரா என்பதை அறிந்தவர் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நண்பர்தான். ஆதலால் அவர் ஆம்புலன்சில் கூடவே ஏறிச் செல்வதும், அது இயலாவிட்டால் தம் கைபேசி எண்ணை ஊழியரிடம் எழுதிக் கொடுப்பதும், நோயாளியின் பெட்டியிலும் தலையணையடியிலும் உள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அனுப்புவதும் வேண்டும். அவற்றுள் வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாதிருக்கச் செய்யும் மருந்து ஒன்று இருந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு முன் வைத்தியர் அதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.